அரிப்புக்கு இது மருந்து அல்ல

செங்கம் ரோட்டில் ஒரே மருந்துக் கடையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். முட்டி வலி தாங்காமல் விட்டுவிட்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். முதலாளி அனுப்பிவிட்டார் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். முட்டி வலி உண்மைதான், ஆனால் அதற்காக விடவில்லை. முதலாளியும் என்னை அனுப்பவில்லை. கடையில் கிரான்பெர்ரி ஜூஸ் பாட்டில்களுக்குக் கீழே நான் ஒரு அட்டை எழுதி வைத்தேன். அதை எடுக்கச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்றேன். நடந்தது அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கடையில் நிற்கும் பெண்கள் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கக்கா, நீங்களே சொல்லுங்க" என்றார்கள். எனக்கு நேரில் கோவையாகப் பேச வராது. பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட்டும் இல்லை, பத்தாவது பாஸ். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்தது போலச் சொல்ல வேண்டாம்.

கடையை முதலில் வைத்திருந்தவரை நயினார் என்போம். எங்கள் பக்கம் ஜைனக் குடும்பத்து ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவது. என் மாமா என்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். "இந்தப் பொண்ணு வாயே தெறக்காதுங்க. கவுன்ட்டர்ல எப்படி நிக்கும்னு எனக்கே தெரியல" என்று அவரே காரியத்தைக் கெடுக்கப் பார்த்தார். நயினார் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பேசறவங்க ரோடு பூரா இருக்காங்க. பொம்பளைங்க சொல்றத வெளிய சொல்லாத ஆள்தான் எனக்கு வேணும்" என்றார். மறுநாளே வரச் சொன்னார்.

ஆறு மாதம் அலமாரி துடைத்தேன். ஆறு மாதம் மருந்து அடுக்கினேன். இரண்டாம் வருடம் டாக்டர்களின் கையெழுத்து பிடிபட்டது. மூன்றாம் வருடம் கவுன்ட்டரின் இடது மூலை எனக்கு என்றாகிவிட்டது. பெண்கள் அந்த மூலைக்குத்தான் வருவார்கள்.

அவர்கள் வாங்கும் விதத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பெண்கள் அந்த மாதிரி மருந்துகளின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். போன தடவை வாங்கிய மருந்தின் அட்டைப்பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, நாலாக மடித்து, கைக்குள் வைத்துக்கொண்டு வருவார்கள். கவுன்ட்டரில் கை நகரும். துண்டு என் பக்கம் வந்துவிடும். நான் பிரித்துப் பார்த்து அதே மருந்தை எடுத்து, பழுப்புக் கவரில் போட்டு, மேலே நியூஸ்பேப்பர் சுற்றிக் கொடுப்பேன். இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. நான் நல்ல வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நயினார் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அவர்கள் வழக்கம் அது. தினமும் ஐந்தே காலுக்கு வீட்டுக்குக் கிளம்பி ஆறரைக்குத் திரும்புவார். அந்த ஒன்றே கால் மணி நேரம் கடையில் நான் மட்டும் இருப்பேன். டாக்டர் சீட்டு வேண்டிய எந்த மாத்திரையையும் அப்போது எடுக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. நாப்கின், பேண்டேஜ், வெளிப்பூச்சு மட்டும் கொடுக்கலாம். பெண்கள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்தரை மணிக்கு என் மூலையில் புடவைத் தலைப்புகளாக நிற்கும்.

அவர் இருக்கும்போது எப்படி மருந்து கொடுப்பார் என்பதையும் சொல்கிறேன். மருந்தை எடுத்து கவுன்ட்டரில் வைப்பார். வைத்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். பிறகு கேள்விகள். யாருக்கு, எத்தனை நாளாக, வேறென்ன சாப்பிடுகிறீர்கள். பதில் சரியாக வந்தால்தான் கை எடுப்பார். அவசரப்படுபவர்கள் காசை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். "காசு எங்க போவப் போகுது, பதில சொல்லுங்க" என்பார். குரல் ஒரு நாளும் உயர்ந்ததில்லை.

அவர் இல்லாத ஒரு சாயங்காலம் நான் செய்த தப்பு இது. கல்யாணமாகி மூன்று மாதமான ஒரு பெண் துண்டு கொண்டுவந்தாள். ஒரு களிம்பின் அட்டை. கொடுத்தேன். பதினைந்து நாளில் மறுபடி வந்தாள். கொடுத்தேன். மூன்றாவது தடவையும் கொடுத்தேன். நான்காவது தடவை அவள் அம்மா கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். தொடை உரசுகிற வலியில் அவளால் நடக்க முடியவில்லை. அது அவள் வீட்டுக்காரர் இடுப்பு அரிப்புக்குப் போட்டுக்கொண்ட களிம்பு. ஸ்டீராய்டு கலந்தது. அவள் அதைப் போடக் கூடாத இடத்தில் வாரக்கணக்கில் போட்டிருந்தாள். நயினார் அவர்களை உடனே லேடி டாக்டரிடம் அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"அது எதுக்குப் போடற களிம்பு சுமதி?"

"அரிப்புக்குங்க."

"எங்க அரிப்புக்கு?"

நான் கவுன்ட்டரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அந்தப் பொண்ண கேட்டியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"வெக்கமா இருந்துதுங்க."

அவர் திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அவர் ஒரு பில் தாளின் பின்பக்கம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அரிப்பு எந்த இடத்தில், உள்ளேயா வெளியேயா. வெள்ளைபடுவது தயிர்த் திப்பி மாதிரியா, நாற்றம் உண்டா. சிறுநீர் போகும்போது மட்டும் எரிகிறதா, சும்மா இருக்கும்போதும் அரிக்கிறதா. குழந்தை உண்டாகியிருக்கிறதா. இதற்கு முன் எத்தனை தடவை வந்தது. கடைசி வரி, சர்க்கரை சோதித்துப் பார்த்தாயா. அதன் கீழே இரண்டு கோடு போட்டார். உடம்பின் பகுதிகளுக்கு உள்ள பெயரை மறைக்காமல் எழுதியிருந்தார்.

"சத்தமா படி."

தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என் மூஞ்சிய பாக்காத. நான் ரோட்ட பாத்துக்கறேன். நீ படி."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். நான் முதல் வரியைப் படித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெங்களூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பஸ் போயிடுச்சு. மறுபடி படி."

நான்கு நாள், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, இப்படிப் படிக்க வைத்தார். நான்காம் நாள் குரல் நடுங்கவில்லை. "இத்தனையும் கேட்டாலும் நீ மருந்து குடுக்க வேணாம். கேட்டுட்டு எங்கிட்ட சொல்லு. இல்ல டாக்டர்கிட்ட அனுப்பு. ஆனா கேக்காம துண்ட பாத்து எடுத்துக் குடுக்கறது இன்னியோட சரி" என்றார்.

அன்றிலிருந்து கேட்டேன். சின்னக் குரலில், தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் கேட்டேன். கோபப்பட்டுப் போனவர்கள் உண்டு. "மருந்துக் கடையா போலீஸ் ஸ்டேஷனா" என்று கேட்டவர்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தது போலச் சொன்னார்கள்.

நயினாருக்குக் கண் பார்வை குறைந்ததும் கடையை விற்றுவிட்டார். வாங்கியவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். சார் என்று கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. கம்ப்யூட்டர் பில் வந்தது, ஏசி வந்தது, சம்பளம் கூடியது. பார்மசிஸ்ட் ஒருவரையும் வைத்தார், அந்தப் பையன் போனில் தலையைக் கவிழ்த்தால் நிமிர மாட்டான். என் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜ் வந்து உட்கார்ந்தது. அதில்தான் கிரான்பெர்ரி ஜூஸ் வந்தது.

முதலில் அது ஆசிரமப் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காக வந்தது. நீர்க்கடுப்பு வந்தால் அவர்கள் ஊரில் குடிப்பார்களாம். அப்படி அடிக்கடி வருகிறவர்களுக்கு மறுபடி வராமல் இருக்க அது கொஞ்சம் உதவலாம் என்று சில டாக்டர்கள் சொல்வதுண்டு. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீர்க்கடுப்பு வேறு, பூஞ்சையால் வரும் அரிப்பு வேறு. நம் பெண்கள் இரண்டையும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. 'கீழே தொந்தரவு' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். போனில் வீடியோ போடுகிறவர்களும் அப்படியே சொன்னார்கள். பெண்கள் பிரச்சினைக்கெல்லாம் இந்த ஜூஸ் என்றார்கள். சார் அந்த வார்த்தையையே பெரிய எழுத்தில் அச்சடித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். பெண்கள் மூலையாயிற்றே, வசதியாகப் போயிற்று. டாக்டரும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம், பழச்சாறுதானே. வெட்கப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எங்கே கிடைக்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் நானும் எடுத்துக் கொடுத்தேன். ஜூஸ் மருந்து இல்லையே, இதற்கு எதற்குக் கேள்வி என்று வாயை மூடிக்கொண்டேன். பழைய சௌகரியம் திரும்பி வந்தது போல இருந்தது.

குமுதா அப்படி வந்தவள்தான். அடி அண்ணாமலையில் வீடு. ஆசிரமப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. வீட்டுக்காரர் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். முதல் தடவை வந்தபோது பாட்டில் லேபிளில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தாள், பழைய வழக்கப்படி மடித்து. அவள் இரண்டு நாள் கூலி அந்த ஒரு பாட்டிலுக்குப் போகும். பேசாமல் கொடுத்தேன். பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தாள். ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம் வந்தவளைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று தொங்கியது. முகத்தில் எலும்பு தெரிந்தது. வலது கால் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தாள்.

பாட்டிலை எடுத்து கவுன்ட்டரில் வைத்தேன். வைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். அது நானாக யோசித்துச் செய்ததில்லை.

"யாருக்கும்மா இது?"

"எனக்குத்தாங்க்கா."

"எதுக்கு குடிக்கற?"

அவள் பிரிட்ஜில் ஒட்டியிருந்ததைக் கண்ணால் காட்டினாள்.

"அதான், எதுக்கு? ஒண்ணுக்குப் போனா எரியுதா?"

"எரிச்சல் இல்லக்கா. அரிப்பு." அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். "உக்கார முடியல, நிக்க முடியல. அடுப்பாண்ட நிக்கறப்போ உசுரு போவுது."

"எத்தினி மாசமா?"

"பொங்கலுக்கு முன்னாடியிருந்து கீது. எங்க கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு வெள்ளக்காரம்மா இத குடிச்சாங்க. நான் கை காட்டிக் கேட்டேன், அவங்க அர பாட்டில் குடுத்தாங்க. குடிச்சா ரெண்டு நாளு ஜில்லுன்னு இருந்தாப்ல இருந்துச்சு. வுட்டா மறுபடி வருது. இப்போ குடிக்கறப்பவே வருது."

"வீட்ல சொன்னியா?"

"யாராண்ட சொல்றது? அவரு கடையிலயே படுத்துக்கறாரு. மாமியா இன்னா சொல்லுது தெரியுமா. வெளிநாட்டுக்காரனுங்க தங்கற எடத்துல வேலைக்குப் போயி இன்னாத்தியோ வாங்கிக்னு வந்துட்டேன்னு சொல்லுது. ஆடி முடிஞ்சா அம்மா வீட்ல கொண்டாந்து வுட்டுடுவேன்னுது. அதுக்குள்ள சரியாவணும்க்கா. அதான் ஒரு நாளிக்கு ரெண்டு வேளையா குடிக்கறேன்."

அவள் மாமியார் சின்னபாப்பாவை எனக்குத் தெரியும். பிரஷர் மாத்திரை வாங்க வருவார். வாய்க்குப் பயந்து வரிசையில் முன்னே விடுவார்கள்.

நயினார் எழுதிய கடைசி வரியைக் கேட்டேன். சக்கர பாத்தியா. இல்லை என்றாள். தாகம் எடுக்குதா. குடம் குடமாகக் குடிக்கிறேன் என்றாள். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாய். ஆறு, ஏழு. கால் விரலில் என்ன. தேங்காய்த் துருவி விழுந்த காயம், இரண்டு மாதமாக ஆறவில்லை. பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தேன். எத்தனையோ மாதமாக நான் எடுத்துக் கொடுத்த பாட்டில், அன்றுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தண்ணீருக்கு அடுத்தபடி சர்க்கரைதான் எழுதியிருந்தது.

சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்று, வாங்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காகக் கடையில் இருந்தது. அவளை உள்ளே கூப்பிட்டு விரலில் குத்திப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. கையைக் கழுவச் சொல்லி இன்னொரு விரலில் பார்த்தேன். நானூற்று ஐந்து.

"கெட்ட நோயாக்கா?" என்றாள்.

"இல்ல. யாராண்டயும் வாங்கிக்னு வரல நீ. சக்கர ஏறிக் கெடக்குது. சக்கர ஜாஸ்தியானா பூஞ்ச விடாது. நீ அதுக்கு மேல ஜூஸ ஊத்திக்கினு இருந்த. நான் எடுத்துக் குடுத்துக்னு இருந்தேன்."

உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ஆம்பளை டாக்டர் இருப்பார், மாட்டேன் என்றாள். எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றாள். அவள் கால் விரலைக் காட்டினேன். "இந்த வெரல எடுத்துட்டா மட்டும் தெரியாதா?" என்றேன். அப்படிக் கடுமையாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் அழுதுகொண்டே கிளம்பினாள். சாரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஓபி சீட்டுப் போடும் ஜன்னலில் கூட்டம். உள்ளே இருந்த பெண் தலையைத் தூக்காமல், "இன்னா பிராப்ளம்?" என்றாள். குமுதா என் கையைப் பிடித்தாள்.

"பொம்பளைங்க பிரச்சினைங்க" என்றேன்.

"பொம்பளைங்களுக்கு ஆயிரம் பிரச்சினை. கேக்கலம்மா, சத்தமா சொல்லு. எந்த டிப்பார்ட்மென்ட்னு எழுதறது?"

எனக்குப் பின்னால் நாற்பது பேர் இருப்பார்கள். பாதி ஆண்கள். ரோட்டைப் பார்த்துச் சொல்ல அங்கே ரோடு இல்லை, சுவர்தான் இருந்தது. சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"பிறப்புறுப்புல அரிப்பு, ஆறு மாசமா. தயிர் மாதிரி வெள்ளைபடுது. சக்கர நானூறு. கால்ல ஆறாத புண்ணு."

ஹாலே அமைதியானது போல எனக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு ஆள் மட்டும் உச்சுக் கொட்டினார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

லேடி டாக்டர்தான் இருந்தார். பரிசோதித்துவிட்டு, பூஞ்சைத் தொற்று, ஆறு நாள் உள்ளே வைத்துக்கொள்ளும் மாத்திரையில் அடங்கும், ஆனால் சர்க்கரை இறங்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும் என்றார். அன்றே பெட்டில் போட்டார்கள். இன்சுலின் போட்டு, காலைக் கழுவிக் கட்டினார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலோடு போயிருக்காது என்று புண்ணைப் பார்த்த டாக்டர் சொன்னார். குமுதா ஜூஸ் லேபிள் துண்டை அந்த லேடி டாக்டரிடம் காட்டி, "இத வுட்டுட்டதால ஒண்ணும் ஆவாதுல்ல மேடம்?" என்று கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மருந்துக் கடைக்காரி என்று அவருக்குச் சொல்லியிருந்தேன்.

அந்தப் பார்வையோடு கடைக்கு வந்தேன். ஒரு டானிக் பெட்டியின் அட்டையை வெட்டினேன். மார்க்கர் பேனாவால் எழுதினேன்: அரிப்புக்கு இது மருந்து அல்ல. வெள்ளைபட்டால் டாக்டரைப் பாருங்கள். அடிக்கடி வந்தால் சர்க்கரை பாருங்கள். பிரிட்ஜுக்குள் பாட்டில்களுக்குக் கீழே கண்ணாடி வழியாகத் தெரியும்படி நிறுத்தினேன்.

மறுநாள் காலை அட்டை இல்லை. இன்னொன்று எழுதி வைத்தேன். அடுத்த நாள் அதுவும் இல்லை. மூன்றாவது அட்டையை வைக்கும்போது சார் பார்த்துவிட்டார்.

"என்ன மேடம் இது? நம்ம பொருள நாமளே வேணாம்னு எழுதுவோமா?"

"வேணாம்னு எழுதல சார். எதுக்கு இல்லன்னு எழுதியிருக்கேன்."

"விஷமா விக்கறோம்? ஜூஸ். பிடிச்சா குடிக்கட்டும்."

"ஜூஸுன்னு ஒட்டுங்க சார், நான் ஒண்ணும் சொல்லல. பெண்கள் பிரச்சினைக்குன்னு இல்ல ஒட்டியிருக்கீங்க."

"யாரோ ஒருத்தருக்கு சுகர் இருந்தா அதுக்கு நாம என்ன பண்றது?"

"கேக்கலாம் சார்."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, களைப்பாக. "நீங்க என்ன பார்மசிஸ்ட்டா மேடம்?"

"இல்ல சார். பார்மசிஸ்ட் வாயால சொல்லியிருந்தா நான் அட்டையில எழுத வேண்டியதில்ல."

போன் பார்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான். சார் அவனைப் பார்த்தார், பிறகு என்னை. "இத எடுத்துடுங்க. மத்ததெல்லாம் நீங்க இருக்கற மாதிரியே இருங்க. நானா உங்கள போகச் சொல்லல" என்றார்.

"எடுக்க மாட்டேன் சார். நீங்க எடுத்தா மறுபடி வெப்பேன்."

"அப்போ எப்படி?"

"மாசக் கடைசி வரைக்கும் வரேன். அது வரைக்கும் அட்ட இருக்கட்டும்."

அவர் சரி என்று சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மாதக் கடைசி வரை அட்டை இருந்தது. அந்தப் பதினெட்டு நாளில் அதைப் படித்துவிட்டு பாட்டிலைத் திரும்ப வைத்தவர்களும் உண்டு, படித்தும் வாங்கிப்போனவர்களும் உண்டு. நான் ஊரைத் திருத்தவில்லை. ஆனால் ஒருவருக்கும் கேட்காமல் கொடுக்கவில்லை. ஐம்பத்தொரு வயதில் வேலையை விட்டேன். என்னை அவசரக்காரி என்றும், சோறு போட்ட கடையைக் குறை சொன்னவள் என்றும் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என் வாயை மூடி வைத்ததால் இரண்டு பெண்கள் உடம்பு கெட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்ததால் யாரும் அப்படி ஆனதில்லை.

வீட்டோடு இருக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். காலையில் வாசலில் சத்தம். போய்ப் பார்த்தால் சின்னபாப்பா. குமுதாவின் மாமியார். கேட்டுக்கு வெளியே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"நீதான் என் மருமவள பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போனவளா? நாப்பது பேரு எதிருல அத சொன்னியாமே? எங்க ஊரு ஆளே ரெண்டு பேரு அங்க கீறான். வந்து வந்து எங்கிட்ட விசாரிக்கிறான். குடும்ப மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

"உள்ள வாங்க."

"நான் வரல. மருந்துக் கடையில துண்டு போட்டு வாங்கறத இவ மைக்கு வெச்சி சொல்லுவாளாம்."

"குமுதா எப்படி இருக்கா?"

"அவளுக்கு இன்னா. வேலைக்குப் போறா. ஊசி அவளே போட்டுக்கறா. எம் புள்ள வூட்டுக்கு வந்துட்டான், ரெண்டும் சேந்துகினு எனக்கு சக்கர இல்லாத டீ போட்டுக் குடுக்குதுங்க." அதையும் திட்டுகிற குரலிலேயே சொன்னார்.

அதோடு முடித்துக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தார். முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு என்னவோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"என்ன?" என்றேன்.

மறுபடி அதே மாதிரி சொன்னார். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"கேக்கலங்க. சத்தமா சொல்லுங்க."

முறைத்தார். என்னை அடித்துவிடுவார் போல இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதே சண்டைக் குரலில் சொன்னார்.

"எனக்கும் அரிக்குதுடி. ரெண்டு வருஷமா அரிக்குது. போதுமா?"

குழாயடிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி குடத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். நான் கேட்டைத் திறந்தேன். நாளை காலை எட்டு மணிக்குப் பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்பேன், வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். குடத்தை வைத்துவிட்டு நின்றவள் கேட்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.